பச்சிளங்குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் போதுமா? என்ஐஆர்எஸ் கருவியைப் பயன்படுத்தும் முறை

பல்ஸ் ஆக்சிமீட்டர் 93 காட்டுகிறது. சராசரி ரத்த அழுத்தம் குழந்தையின் கர்ப்ப வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறது. இவை இரண்டும் சரியாக இருக்கும்போதே மூளை ஆக்சிஜன் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். தமனி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் ஆக்சிமீட்டர் சொல்லும். அந்த ரத்தம் மூளையைப் போதிய அளவு எட்டியதா, எட்டியதில் மூளை எவ்வளவு உறிஞ்சிக்கொண்டது என்பது அதற்குத் தெரியாது. என்ஐஆர்எஸ் எனப்படும் அண்மை அகச்சிவப்பு ஒளி அளவீடு அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. ஆனால் தப்பாக ஒட்டினாலும் நம்பும்படியான ஓர் எண்ணை இது காட்டிவிடும். அதனால் ஒட்டும் முறையும் எண்ணைச் சந்தேகிக்கும் முறையும்தான் இந்தக் கருவியில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரும் பகுதி.

எண் எங்கிருந்து வருகிறது

700 முதல் 1000 நானோமீட்டர் வரையான ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவிச் செல்லும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் 760 நானோமீட்டர் பக்கம் அதிகமாக ஒளியை விழுங்கும்; ஆக்சிஜன் ஏறியது 800-க்கு மேலே அதிகமாக விழுங்கும். திரும்பி வரும் ஒளியில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் இரண்டின் விகிதம் தெரிந்துவிடும். இந்த வழியில் உயிருள்ள மூளையின் ஆக்சிஜனைப் பார்க்க முடியும் என்பதை 1977-இல் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் வெளியிட்டார்.

சென்சாரில் ஓர் ஒளிமூலமும் வெவ்வேறு தூரத்தில் இரண்டு உணரிகளும் இருக்கும். அருகிலுள்ள உணரிக்கு வரும் ஒளி பெரும்பாலும் தோலையும் எலும்பையும் கடந்து வந்தது. தொலைவிலுள்ளதற்கு வருவது இன்னும் ஆழமாகப் போய்த் திரும்பியது. இரண்டையும் ஒப்பிட்டு மேல்பகுதியின் பங்கைக் கருவி கழித்துவிடும். ஒளி எட்டும் ஆழம், மூலத்துக்கும் உணரிக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ பாதி. பச்சிளங்குழந்தையின் மண்டையோடு மெல்லியது என்பதால் மூளையின் மேற்பரப்பு இந்த ஆழத்துக்குள் வந்துவிடும். மூளையின் ஆழப் பகுதிகளை, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளில் ரத்தக்கசிவு தொடங்கும் இடத்தை, இது பார்ப்பதில்லை.

ஆக்சிமீட்டர் நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என்ஐஆர்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை. சிறு நாளங்களில் உள்ள எல்லா ரத்தமும் அதில் சேரும். அதில் முக்கால் பங்குக்கு அருகில் சிரை ரத்தம். ஆகவே திரையில் 70 என்றிருந்தால், மூளை எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான் அதில் பெரும்பாலும் தெரிகிறது. வரவு குறைந்தாலும் எண் இறங்கும், செலவு கூடினாலும் இறங்கும். நாடி மிக மெலிந்திருக்கும் நிலையிலும் இது வேலை செய்வதற்குக் காரணமும் இதுவே.

இதிலிருந்து ஒரு கணக்கைப் படுக்கையருகிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிமீட்டர் எண்ணிலிருந்து மூளை எண்ணைக் கழித்து, வருவதை ஆக்சிமீட்டர் எண்ணால் வகுக்க வேண்டும். 92, 69 என்றால் 23-ஐ 92-ஆல் வகுக்க 0.25 வரும். வந்த ஆக்சிஜனில் கால் பங்கை மூளை எடுத்திருக்கிறது என்று பொருள். இதைப் பிரித்தெடுப்புப் பங்கு என்போம். ஆக்சிமீட்டர் எண் ஏறி இறங்கும் குழந்தையில் மூளை எண்ணைவிட இது தெளிவாகப் பேசும்.

யாருக்கு, எப்போது

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு முதல் 72 மணி நேரம் மிக முக்கியம். மூளைக்குள் ரத்தக்கசிவு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. பிறப்பின்போது மூச்சுத்திணறி, உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், பிறவி இதயக் கோளாறுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும், டக்டஸ் (நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும், பிறந்தபின் மூட வேண்டிய நாளம்) மூடாமல் இருப்பவர்களுக்கும், ரத்த அழுத்தம் தடுமாறுபவர்களுக்கும் பயன் உண்டு. வென்டிலேட்டரில் கார்பன் டை ஆக்சைடு திடீரென ஏறி இறங்கக்கூடிய குழந்தையில் இதன் மதிப்பு தனி.

ஒட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

எந்த சென்சார் என்பது முதல் முடிவு. பெரியவர்களுக்கான சென்சாரும் பச்சிளங்குழந்தைக்கான சென்சாரும் ஒரே குழந்தையின் ஒரே நெற்றியில் வேறு வேறு எண்ணைக் காட்டும். குழந்தைக்கானது பொதுவாக 10 புள்ளி அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். இன்வோஸ், ஃபோர்-சைட், நைரோ என்று கருவிக்குக் கருவியும் கணக்கிடும் முறை மாறும். ஆகவே ஒரு குழந்தைக்குத் தொடங்கிய கருவியையும் சென்சார் வகையையும் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாற்றிய நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். எந்த வகை சென்சார் என்ற குறிப்பு முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் 58 என்று எழுதியிருந்தால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆக்சிமீட்டர் வலது கையில் இருக்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தம் டக்டஸுக்கு முன்பே பிரிகிறது, வலது கைக்குப் போவதும் அப்படித்தான். காலில் இருக்கும் ஆக்சிமீட்டர் எண்ணை வைத்து மூளையின் பிரித்தெடுப்புப் பங்கைக் கணக்கிட்டால், டக்டஸ் வழியே வலமிருந்து இடமாக ரத்தம் ஓடும் குழந்தையில் விடை தவறாகிவிடும்.

நெற்றியைத் தடவிப் பாருங்கள். ரத்தக்கட்டு, வீக்கம், கன்றிப்போன இடம் இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். கட்டிய ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினையும் கருவி அளக்கும். அது மூளையின் எண் ஆகாது.

ஒட்டும் முறை

தனியாக இதற்காகவே குழந்தையைத் தொந்தரவு செய்யாமல், டயாபர் மாற்றும் நேரத்தோடு சேர்த்துச் செய்யுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் தலையை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒட்டலாம்.

ஸ்பிரிட் வேண்டாம். வெதுவெதுப்பான சுத்தநீரில் நனைத்த மெல்லிய துணியால் நெற்றியை ஒற்றி, உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஈரம் மிச்சம் இருந்தால் சென்சார் வழுக்கும். மிகக் குறைமாதக் குழந்தையின் மேல்தோல் பசையோடு உரிந்து வந்துவிடும் அளவுக்கு மெல்லியது. அதனால் சென்சாரின் பசையை நேரடியாகத் தோலில் படவிடாமல் நடுவில் ஒளி ஊடுருவும் மெல்லிய தோல்காப்புப் படலத்தை வையுங்கள். படலத்துக்கு அடியில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. விளிம்பு மடிந்திருக்கவும் கூடாது. ஒளிமூலத்தின் அடியில் ஒரு குமிழி இருந்தால் போதும், எண் கெட்டுப்போகும். எந்தப் படலம் பொருந்தும் என்பதற்கு அந்தந்தக் கருவியின் கையேட்டைப் பாருங்கள்.

இடம்: புருவத்துக்கு மேலே, முடி தொடங்கும் கோட்டுக்குக் கீழே, நடுக்கோட்டிலிருந்து விலகி இடது அல்லது வலது நெற்றி. நடுக்கோட்டின் அடியில் பெரிய சிரைக்குழாய் ஓடுகிறது; அதன்மேல் வைத்தால் அந்தச் சிரையின் ரத்தத்தையே பெரும்பாலும் அளப்பீர்கள். 700 கிராம் எடையுள்ள குழந்தையின் நெற்றியில் சென்சார் முழுதாக அமராது. அப்படியானால் பக்கவாட்டில், நெற்றியும் உச்சியின் பக்கப்பகுதியும் சேரும் இடத்துக்கு நகர்த்துங்கள். முடியை வகிர்ந்து ஒதுக்கிவிட்டு வையுங்கள். கருத்த, அடர்ந்த முடி ஒளியை விழுங்கிவிடும். சென்சாரின் வளைவு நெற்றியின் வளைவோடு படிந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தால் வெளி ஒளி அந்த வழியாக உள்ளே போகும்.

மேலே மென்மையான நெகிழ்பட்டையைச் சுற்றலாம். பட்டைக்குள் விரல்நுனி எளிதாக நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் அடியிலுள்ள ரத்த ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்கும், தோலில் அழுத்தத் தழும்பும் விழும். மூக்குவழி காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியின் தொப்பி சென்சார் மேல் ஏறி அமர்ந்தாலும் இதே கதைதான், இதைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். கேபிளை உச்சிப்பக்கமாகக் கொண்டுபோய், தொங்காமல், இழுபடாமல் நிறுத்துங்கள்.

ஒளிச்சிகிச்சை விளக்கு எரிகிறதென்றால் சென்சாரை ஒளிபுகாத துணியால் மூடுங்கள். பிலிரூபின் ஒளியை விழுங்குவது 460 நானோமீட்டரை ஒட்டி, அதாவது இந்த அளவீட்டின் எல்லைக்கு வெளியே. ஆகவே மஞ்சள்காமாலை நேரடியாகப் பெரிய தடையல்ல. விளக்கின் ஒளி உள்ளே நுழைவதுதான் தடை.

இப்போது சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். உயிருள்ள மூளையின் எண் ஓரிரண்டு புள்ளி அசைந்துகொண்டே இருக்கும். ஆக்சிமீட்டர் எண் சரிந்தால் சற்றுப் பின்னால் இதுவும் சரியும். எண் அசையாமல் நிலைத்து நின்றாலோ, கருவி காட்டக்கூடிய உச்ச எண்ணிலேயே ஒட்டிக்கொண்டாலோ (இன்வோஸில் அது 95) சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கழன்று மெத்தையில் கிடக்கும் சென்சார்கூட 60, 70 என்று காட்டலாம். அதனால்தான் குழந்தையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது ஆபத்து.

3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வேறு பராமரிப்போடு சேர்த்து, சென்சாரைத் தூக்கித் தோலைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். இன்குபேட்டரில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் இருக்கும்போது பசை சீக்கிரம் விடும், அடியில் நீர்த்துளி சேரும். எடுத்து மறுபடி வைத்தாலே எண் 5 புள்ளிவரை மாறலாம். அது குழந்தையில் நடந்த மாற்றம் அல்ல. எனவே ஒவ்வொரு முறையும் "இடம் மாற்றப்பட்டது" என்று நேரத்தோடு எழுதுங்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்

குறைமாதக் குழந்தையின் முதல் மூன்று நாட்களுக்கு, இன்வோஸ் கருவியும் பெரியவர்களுக்கான சென்சாரும் என்றால், 55 முதல் 85 வரை என்பதுதான் ஐரோப்பிய சேஃப்பூஸ்க் ஆய்வுகள் பயன்படுத்திய எல்லை. குழந்தைகளுக்கான சென்சாரில் கீழ் எல்லை 60-ஐத் தாண்டி இருக்கும். பிரித்தெடுப்புப் பங்கு பெரும்பாலும் 0.15-க்கும் 0.35-க்கும் நடுவில் அமையும். பிறந்த முதல் சில நிமிடங்களில் எண் 40-களில் இருந்து மேலே ஏறுவது இயல்பு. அந்த நேரத்துக்கு இந்த எல்லைகள் பொருந்தாது.

ஒற்றை எண்ணைவிடப் போக்குக்கு மதிப்பு அதிகம். 58 என்று மணிக்கணக்காக நிலையாக இருக்கும் குழந்தையைவிட, 78-இலிருந்து ஒரு மணி நேரத்தில் 62-க்கு வந்த குழந்தையைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும். 62 எல்லைக்குள்தான் இருக்கிறது, அலாரமும் அடிக்காது.

எண் இறங்கும்போது

முதலில் குழந்தையையும் சென்சாரையும் பாருங்கள்: படிந்திருக்கிறதா, தொப்பி அழுத்துகிறதா, யாராவது தலையைத் திருப்பினார்களா? கழுத்து ஒருபக்கமாக முறுக்கியிருந்தால் சிரை ரத்தம் வடிவது தடைபடலாம். நேராக்கியதும் எண் ஏறினால் விஷயம் முடிந்தது. அதன்பின் ஆக்சிமீட்டர். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால் காரணம் நுரையீரல் பக்கம். குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, மூச்சு நின்றதா என்று வழக்கமான வழியில் போங்கள்.

ஆக்சிமீட்டர் மாறாமல் மூளை எண் மட்டும் இறங்கியிருந்தால்தான் யோசிக்க வேண்டிய இடம். அங்கே நான்கு கேள்விகள்: கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிட்டதா? இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறைந்ததா? ஹீமோகுளோபின் குறைந்ததா? மூளையின் செலவு கூடியதா? இதே வரிசையில் கேட்பது நல்லது. ஏனென்றால் முதலாவது அடிக்கடி நிகழ்வது, சீக்கிரம் சரிசெய்யக்கூடியது, கவனிக்காமல் விட்டால் கெடுதல் செய்வது.

ஓர் உதாரணத்தை விரித்துப் பார்ப்போம். 27 வாரக் குழந்தை, வயது 20 மணி நேரம், வென்டிலேட்டரில். நுரையீரல் விரிய உதவும் மருந்தான சர்ஃபாக்டன்ட் கொடுத்தபின் 40 நிமிடத்தில் மூளை எண் 72-இலிருந்து 54-க்கு வருகிறது. ஆக்சிமீட்டர் 92-லேயே இருக்கிறது, சராசரி ரத்த அழுத்தம் 30. பிரித்தெடுப்புப் பங்கு 0.22-இலிருந்து 0.41 ஆகிவிட்டது. ரத்த அழுத்தத்தைப் பார்த்து அதை ஏற்றும் மருந்தான டோபமினை உடனே தொடங்கினால் தவறு. சர்ஃபாக்டன்டுக்குப் பின் நுரையீரல் இளகியிருக்கிறது; வென்டிலேட்டரின் அதே அழுத்தத்தில் இப்போது அதிகக் காற்று உள்ளே போகிறது. ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 28 மில்லிமீட்டர் பாதரசம் என்று வருகிறது. அது குறைந்தால் மூளையின் நாளங்கள் சுருங்கும், ரத்த ஓட்டம் குறையும். மார்பு எழும்பும் அளவைப் பார்த்து வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாகக் குறைத்து 28-இலிருந்து 60-க்குத் தாவவிட்டால் ரத்த ஓட்டம் வெள்ளமாகப் பாயும். ரத்தக்கசிவுக்கு அதுவே வழி. 40-களுக்கு வந்து நின்றதும் மூளை எண்ணும் 60-களின் பின்பாதிக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு சரியாக இருந்தால் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள். வென்டிலேட்டரின் சராசரிக் காற்றழுத்தம் மிக அதிகமாக இருந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அழுத்தத்தைக் குறைப்பதே அங்கே மருந்து. டக்டஸ் பெரிதாகத் திறந்திருந்தால் ரத்தம் நுரையீரல் பக்கம் திருடப்படுகிறது. எக்கோ செய்து உறுதிப்படுத்துங்கள். நாடி வேகம், சிறுநீர் அளவு, லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்காமல் திரவம் ஏற்றுவதையோ இதய மருந்து தொடங்குவதையோ இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹீமோகுளோபின் குறைந்த குழந்தையில் எண் நாட்கணக்கில் மெல்லச் சரியும், ரத்தம் ஏற்றியதும் ஏறும். வலிப்பு, காய்ச்சல், வலி ஆகியவை செலவைக் கூட்டுபவை.

எண் ஏறும்போது

இறங்கினால் ஓடி வருகிறோம், ஏறினால் நிம்மதியாகிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும். குறைமாதக் குழந்தையில் 85-க்கு மேல் போனால் முதலில் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். 95-க்கு மேலே இருந்தால் ஆக்சிஜனைக் குறையுங்கள். அடுத்து கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறதா, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் மூளை ரத்த ஓட்டம் கூடும்.

மூச்சுத்திணறிப் பிறந்த நிறைமாதக் குழந்தையில் உயர்ந்த எண் இன்னும் கவலைக்குரியது. முதல் நாள் கழிந்தபின் எண் 90-ஐ ஒட்டியும் பிரித்தெடுப்புப் பங்கு 0.10-ஐ ஒட்டியும் நிற்கிறதென்றால், ஆக்சிஜன் நிறைய வருகிறது என்பதைவிட, அதை எடுத்துக்கொள்ளும் நிலையில் செல்கள் இல்லை என்பதே பொருளாக இருக்கலாம். 33.5 டிகிரிக்குக் குளிர்விக்கும்போதும் மயக்க மருந்தாலும் மூளையின் செலவு குறைந்து எண் ஓரளவு ஏறத்தான் செய்யும். ஆகவே ஏஇஇஜி எனப்படும் மூளை மின்பதிவோடு சேர்த்தே படியுங்கள். மின்பதிவு தட்டையாகவும் மூளை எண் உயர்ந்தும் இருந்தால் விளைவு மோசமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மின்பதிவில் விழிப்பும் தூக்கமும் மாறி மாறி வரத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

சிறுநீரகமும் வயிறும்

இரண்டாவது சென்சாரை முதுகுப்பக்கம், முதுகெலும்பின் ஒரு பக்கமாக, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்தால் சிறுநீரகத்தின் எண் கிடைக்கும். முடிந்தால் அல்ட்ராசவுண்டில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாக மூளையின் எண்ணைவிட 5 முதல் 15 புள்ளி கூடுதலாக இருக்கும். உடலில் ரத்த ஓட்டம் குறையும்போது மூளையைக் காப்பாற்றச் சிறுநீரகம் முதலில் விட்டுக்கொடுக்கும். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்கினாலோ சிறுநீரக எண் கீழே போனாலோ ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. இதய அறுவைக்குப் பின் இதன் பயன் பெரிது. வயிற்றில் தொப்புளுக்குக் கீழே வைக்கும் சென்சார் நம்பகம் குறைந்தது. குடல் அசையும், காற்று இருக்கும், முதல் நாட்களின் கரும்பச்சை மலம் ஒளியை விழுங்கும். அங்கே மணிக்கணக்கான போக்கை மட்டும் பாருங்கள்.

ஆய்வுகள் சொல்வது

166 குழந்தைகளைக் கொண்ட சேஃப்பூஸ்க் இரண்டாம் கட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. எண்ணைப் பார்த்துச் சிகிச்சையைத் திருத்தினால் மூளை ஆக்சிஜன் எல்லைக்கு வெளியே கழிக்கும் நேரமும் அளவும் பாதிக்கு மேல் குறையும் என்று அது காட்டியது. 1601 குழந்தைகளைச் சேர்த்த மூன்றாம் கட்டம் 2023-இல் வெளியானது. அதில் மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை. கருவியை ஒட்டிவிட்டாலே குழந்தை காப்பாற்றப்பட்டுவிடும் என்று பெற்றோரிடம் சொல்லக் கூடாது. எண்ணைத் திருத்துவதற்காகச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனியாக ஒரு நியாயம் இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் ஏற்றத் திரவமோ ஆக்சிஜனோ கொடுப்பது எண்ணை அழகாக்கும், குழந்தைக்குக் கெடுதலும் செய்யலாம்.

பதிவும் அகற்றுதலும்

மணிக்கு ஒருமுறை மூளை எண், வலது கை ஆக்சிமீட்டர், பிரித்தெடுப்புப் பங்கு, சராசரி ரத்த அழுத்தம் நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். சளி உறிஞ்சி எடுத்தது, மருந்து கொடுத்தது, ரத்தம் ஏற்றியது எல்லாம் நேரத்தோடு வர வேண்டும். எல்லைக்குக் கீழே இருந்த சுமையைக் கணக்கிட ஆழத்தை நேரத்தால் பெருக்கலாம்: எல்லை 55, எண் 45 என்று 2 மணி நேரம் இருந்தால் 20 சதவீத-மணி. சிறு சிறு சரிவுகள் ஒரு ஷிஃப்டில் எவ்வளவு சேர்ந்தன என்று இது காட்டும்.

கண்காணிப்பு முடிந்ததும் சென்சாரைச் செங்குத்தாக இழுக்காதீர்கள். விளிம்பை வெதுவெதுப்பான நீரால் நனைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, படலத்தைத் தோலுக்கு இணையாக மெல்ல மடித்து உருட்டி எடுங்கள். வர மறுத்தால் இன்னும் நனைத்துக் காத்திருங்கள். எடுத்தபின் நெற்றியின் தோல் எப்படி இருந்தது, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு அகற்றப்பட்டது என்பதைக் குறித்துவிட்டு, சென்சார் வகையையும் சேர்த்து கருவியின் பதிவை மானிட்டரிலிருந்து சேமித்துக்கொள்ளுங்கள்.